பிரேக் நன்றாகத்தான் இருந்தது

இன்று காலை பழவேற்காடு பஸ் நிலையத்தில் பொன்னேரி பஸ் வந்து நின்றபோது பின்சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வந்தது. பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு வழியெல்லாம் உரசியபடியே வந்திருக்கிறது. இறங்கியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். கண்டக்டர் ஊற்றத் தண்ணீர் தேடி ஓடினார். நான் மட்டும் அங்கேயே நின்றேன். அந்த வாசனையை நம் வண்டியில் நீயும் நானும் எத்தனை முறை முகர்ந்திருக்கிறோம்.

"இன்னா நைனா, கண்ணுல தண்ணி?" என்று நம் கலா கேட்டாள்.

"புகைம்மா" என்றேன். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது.

அந்தப் பிக்கப் வண்டியை நாம் வாங்கியபோதே அது பழைய வண்டி. கோழி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து வாங்கினோம். முதல் மழைக்காலம் முடியும்வரை இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் இறகு வந்துகொண்டே இருந்தது. நான் வலையை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நீ கரையில் ஏலம் எடுப்பாய். கோட்டைக்குப்பத்துப் பெண்கள் தங்கள் கூடைகளோடு பின்னால் ஏறிக்கொள்வார்கள். எல்லோரையும் மீனோடு பொன்னேரி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குவேன். குப்பத்தில் என் பெயரே மறந்து 'டிரைவரு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கடலுக்குப் போன காலத்தில் நான் பத்தோடு பதினொன்று. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் நான் ஒருவன்தான்.

நீ எனக்கு இடப்பக்கம் உட்காருவாய். புடவைக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மடியில் பணப்பையை வைத்துக்கொண்டு. எதிரே மாடோ சைக்கிளோ வந்தால் உன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே ஏதோ பிரேக் இருப்பதுபோல. நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

பிரேக் தொல்லை ஆரம்பித்தது வண்டி வாங்கிய சில மாதங்களுக்குப் பிறகு. மீன் ஏற்றிக்கொண்டு போகும்போது திடீரென்று பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். விட்டு விட்டு இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு கோளாறும் இருக்காது. பஜாரில் பட்டறை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனோம். அவர் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். லைனிங் மாற்றினார், வீல் சிலிண்டர் மாற்றினார், பைப்பில் நின்ற காற்றை எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். ஒரு வாரம் நன்றாக ஓடும். மறுபடி ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருக்கும். எங்கே ஒழுகுகிறது என்றுதான் தெரியாது. மீன் பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி வண்டியின் அடிப்பக்கம் எப்போதும் நனைந்தே கிடக்கும். அந்த ஈரத்தில் ஆயில் எது, தண்ணீர் எது என்று யார் கண்டார்கள்.

மூன்றாவது முறையோ நான்காவது முறையோ போனபோது பாய் சக்கரத்தைக் கழற்றாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நாம காலி வண்டியத்தானே பாத்துக்கினு கீறோம்" என்றார். "கோளாறு வர்றது பாரம் ஏத்துனா. பாரத்தோட பாக்கணும். ஆனா மீனு வாணாம், ஐஸு வாணாம். காஞ்ச பாரமா வேணும்."

நான் மணல் மூட்டைக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ பட்டறையை விட்டு வெளியே போனாய். வியாபாரம் முடிந்து வந்த பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏ ராணியக்கா, ஒன் ஒடம்புக்கு இன்னிக்குத்தான் ஒரு வேல வந்துகீது. ஏறு வண்டில."

"இன்னாடி, எட போட்டு விக்கப் போறியா?"

"ஒன்னியே எவன் வாங்குவான். ஏறு."

பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். வண்டி அப்படியே தணிந்தது. அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, பாய் கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். நான் பெடலை மிதித்து மிதித்து விட்டேன். மேலே அவர்கள் சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அட்டையில் ஒரு கறை விழுந்தது. விரல் நுனி அளவு. பின் அச்சுக்கு மேலே போகும் பைப்பில், உப்புத் தண்ணீர் அரித்து, மயிரிழை மாதிரி ஓர் ஓட்டை. பாரம் ஏறி வண்டி தணியும்போது மட்டும் அந்த இடம் வளைந்து வாயைத் திறந்திருக்கிறது. பாய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அம்மா, நீங்க எல்லாரும் இன்னும் கொஞ்சம் சாப்ட்டிருந்தா மொத நாளே கண்டுபிடிச்சிருப்பேன்" என்றார். டீ வாங்கித் தராமல் ராணியக்கா இறங்கவில்லை.

உன்னைப் பற்றி நினைக்கும்போது வெட்கப்படாமல் நினைக்க முடிகிற நாள் அது ஒன்றுதான். அதனால்தான் அதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். அடுத்ததுக்குப் போக மனம் வரவில்லை.

பைப் மாற்றிய பிறகு ஒரு வருஷம் போல வண்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை ஆயில் குறையவில்லை. பெடல் பஞ்சாகவும் இல்லை. ஆனால் நான் நினைத்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. சில நேரம் தாமதமாகப் பிடித்தது. சில நேரம் முகத்தில் அடித்தமாதிரி சட்டென்று நின்று, பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாரம் இருந்தாலும் அப்படித்தான், காலியாக இருந்தாலும் அப்படித்தான். பாய் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். தானே ஓட்டிக்கொண்டு கடைத்தெருக் கோடி வரை போய் வந்தார்.

"நல்லாத்தான் நிக்குது."

"நீ ஓட்டுனா நிக்குது. நான் ஓட்டுனா நிக்கல. அது இன்னா பாய் மாயம்?"

பட்டறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால், பழைய சாமானைப் போட்டுவிட்டு என்னை ஏமாற்றுகிறார் என்று கத்தினேன். நீ என் கையைப் பிடித்தாய், உதறினேன். பாய் ஸ்பேனர்களைத் துடைத்து எடுத்து வைத்தார். அதன் பிறகு பொன்னேரியில் வேறு மெக்கானிக்கிடம் போனோம். அவனும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றான். அவனையும் திட்டினேன்.

நீ அப்போதே ஒன்று சொன்னாய். வண்டியில் வரும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னாய்.

"எங்காலு போற நேரத்துக்கு ஒங்காலு போவல மாமா."

"ஒனக்கு இன்னா தெரியும். மீன எண்ணு."

அப்படித்தான் சொன்னேன்.

மார்க்கெட் வாசலில் வாழைப்பழ வண்டியை இடித்தது அதற்குப் பிறகு. மெதுவாகத்தான் போனேன். பிரேக்கை மிதித்தேன் என்றுதான் இன்றைக்கும் என் மனம் சொல்கிறது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. தள்ளுவண்டி சாய்ந்து, பழமெல்லாம் தெருவில் உருண்டு, பழக்காரப் பெரியவர் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பலமில்லை. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். கூட்டம் கூடியது. நான் வண்டியிலிருந்து இறங்காமலே, "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்ப் பழங்களைப் பொறுக்கியது நீயும் பெண்களும். மறுநாள் ராணியக்கா பஸ்ஸில் போய்விட்டாள். ஒவ்வொருவராகப் பஸ்ஸுக்குப் போனார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு அந்தக் கெளுத்தி முள்.

கரையில் செருப்பில்லாமல் நின்று பெட்டி ஏற்றினேன். வெறுங்காலோடுதான் ஓட்டவும் செய்வேன். அப்போதுதான் பெடல் பிடிபடும் என்று பெருமையாகச் சொல்வேன். பொன்னேரிக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். நீ பணப்பையை எடுக்க உள்ளே குனிந்தாய். பிரேக் பெடல் ரப்பரில் ரத்தம் வழவழவென்று இருந்தது. கீழே விரிப்பிலும் ரத்தம். நீ என் காலைப் பார்த்தாய். உள்ளங்காலில் முள் ஏறி ஒடிந்து நின்றது.

கெளுத்தி முள் குத்தினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். வலி தொடை வரை ஏறும். திடமான ஆளே குய்யோ முறையோ என்று கத்துவான். நான் அதை வைத்துக்கொண்டு போய், மார்க்கெட்டில் நின்று பேசி, திரும்பியும் வந்திருக்கிறேன்.

"மாமா, இது வலிக்கலியா?"

"எது?"

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். நீ என்னை உட்காரவைத்து முள்ளைப் பிடுங்கினாய். பிறகு வலை பின்னும் ஊசியை எடுத்துவந்து, என்னை அந்தப்பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, "எப்ப தொடறேனோ அப்ப சொல்லு" என்றாய். நான் காத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரமாக நீ தொடவே இல்லை என்று நினைத்தேன்.

"தொடேன், இன்னா பண்ணிக்கினு கீற?" என்றேன்.

திரும்பினேன். என் பாதத்தில் நாலைந்து இடத்தில் ஊசி அழுத்திய குழி இருந்தது. நீ அழுதுகொண்டிருந்தாய்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். பல வருஷமாக இருந்திருக்கும், காலில் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்றார்கள். புண் ஆறாமல் ஒரு விரலை எடுத்தார்கள். மாற்றிய சிலிண்டர், மாற்றிய லைனிங், திட்டிய மெக்கானிக்குகள் எல்லாம் கட்டிலில் படுத்திருந்த எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. பிரேக் நன்றாகத்தான் இருந்தது. எவ்வளவு மிதிக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியவில்லை. பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வந்த அத்தனை பெண்களையும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னையும், அந்தக் காலை நம்பித்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

ஊர் கேட்டபோது நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "பழைய வண்டி, உப்புத் தண்ணி தின்ன வண்டி, அப்டித்தான் இருக்கும்" என்றாய். பாயிடம் மட்டும் போய் உண்மையைச் சொன்னாய். அவர் பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கு அது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "தூங்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவியை நீ கேட்கவில்லை. நானாகவே கொடுப்பேன் என்று காத்திருந்தாய். விற்றுவிடலாம் என்று நான் சொன்ன அன்றுதான் வாயைத் திறந்தாய்.

"விக்க வாணாம். நான் ஓட்டறேன்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பொன்னேரியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாய். கல்லூரிப் பையன்களுக்கு நடுவே, மீன் வாசனையோடு, மூக்கைச் சுளித்தவர்களைக் கண்டுகொள்ளாமல் கற்றுக்கொண்டாய். டச்சுக் கல்லறை மதிலை ஒட்டி வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகினாய். ஒருநாள் மதிலில் லேசாக உரசிவிட்டு, "அந்தக் காலத்து வெள்ளக்காரன் எழுந்து வந்து கேப்பானா?" என்று கேட்டாய். நான் சங்கடத்தோடு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். ராணியக்காதான் முதலில் ஏறினாள். நான் இப்போது இடப்பக்கம் உட்கார்ந்தேன், மடியில் பணப்பையோடு. இனி சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கூச்சமாக இருப்பது.

பஜாரில் நுழையும் முனையில் அந்த டீக்கடை. நான் கடலுக்குப் போன காலத்துக் கூட்டாளிகள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் நாம் கடந்து போனபோது ஒருவன், "டிரைவரு கிளீனர் ஆயிட்டாரு" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் முனை வருவதற்குள் நான் குனிந்து காலில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்வதுபோல இருந்தேன். அதற்கடுத்த நாளும் குனிந்தேன். அப்புறம் ஒருநாள் முனைக்கு முன்னாலேயே, புளியமரத்தடியில், வண்டியை ஓரம் கட்டினாய்.

"டீ குடிச்சிட்டு வா மாமா. நான் கொஞ்சம் தள்ளிப்போய் நிக்கறேன்" என்றாய்.

நான் இறங்கினேன். அதற்குப் பிறகு தினமும் அந்த இடத்தில் நீ நிறுத்தினாய். தினமும் நான் இறங்கினேன். நடந்து டீக்கடையைக் கடந்து, அவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அந்தப்பக்கம் காத்திருக்கும் வண்டியில் ஏறிக்கொள்வேன். மழையிலும் அப்படித்தான். புண்ணோடு இருந்த காலோடும் அப்படித்தான். பின்னால் இருந்த பெண்களுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் வாயைத் திறக்காதபடி நீ என்ன சொல்லி வைத்திருந்தாயோ தெரியாது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கும் நீதான் இடம் பார்த்து வண்டியை நிறுத்தினாய்.

உனக்குக் காமாலை முற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று வண்டியை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை. ராணியக்கா மகன் வந்து உட்கார்ந்தான். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். பெரிய வண்டியை எடுத்ததில்லை. நீ நடுவில், என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். அவன் தயங்கித் தயங்கி ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடியபடியே, "பயப்படாத கண்ணு. பிரேக் நல்லா கீது" என்றாய். டீக்கடை முனையில் அன்றைக்கு நாம் நிற்கவில்லை. வெளியே யார் இருந்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் உனக்கு அந்த முனை ஞாபகம் வந்திருக்கிறது. என் கையை அழுத்தி, "இறங்கணுமா?" என்று கேட்டாய்.

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. உண்மையாகவே கேட்டாய். நான் தலையாட்டி மறுத்தேன். நீ கண் மூடியிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். வாயால் சொல்லியிருக்கலாம்.

வண்டியை இப்போது கலாவின் வீட்டுக்காரர் ஓட்டுகிறார். பாயின் பட்டறைக்கு நான் போனேன், நீ எங்களை விட்டுப் போய் மூன்று மாதம் கழித்து. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கால இப்டி நீட்டிக் குந்து" என்றார். பாதிதான் சொன்னேன். அவர் மீதியைக் கேட்கவில்லை.

போன வாரம் காலைக் காட்டப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். மார்க்கெட்டில் கீரை விற்பவளாம். என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"சட்ட போட்டுக்கினு மீனு வண்டி ஓட்டிக்கினு வருமே ஒரு அம்மா, அதோட வூட்டுக்காரரா நீங்கோ?"

வரிசையில் நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த டீக்கடையில் உட்காருகிறவர்கள்தான். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன். "அவ ஓட்டுவா. நான் பக்கத்துல ஒக்காந்து போவேன்."

என் காது எரிந்தது. ஆனால் சத்தமாகத்தான் சொன்னேன். நீ என் வாயால் கேட்டிருக்க வேண்டியதை ஒரு கீரைக்காரி கேட்டுக்கொண்டாள். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.